பாடும் விரல்கள்

போலந்து நாட்டில் 1810ஆம் ஆண்டு பிறந்தவர் பிரெடரிக் ஷோப்பன். 20ஆவது வயதில் தாயகத்தை விட்டுப் புறப்பட்ட அவர், பின்னர் அங்குத் திரும்பவே இல்லை. பாரிஸ் நகரில் பியானோ கற்பித்து வாழ்ந்தார். நோயால் மெலிந்த அவருடைய கைகளால் பெரிய அரங்குகளை அதிரவைக்க முடியவில்லை. ஆயினும், மென்மையான ஓசைக்குள்ளேயே எண்ணற்ற ஏற்ற இறக்கங்களைக் காட்டினார்.

சிறந்த பாடகர்களைக் கேட்டுப் பழகுமாறு மாணவர்களிடம் வலியுறுத்தினார். இடக்கை தாளத்தைத் தவறாமல் காக்க, வலக்கை பாடகரைப்போல் சற்றுத் தாமதித்தும் விரைந்தும் செல்லலாம் என்று கற்பித்தார். ஒவ்வொரு விரலுக்கும் தனி இயல்பு உண்டு என்பதால், எல்லா விரல்களையும் ஒரே வலிமை உடையவையாக்க அவர் முயலவில்லை.

1849இல், 39ஆவது வயதில் அவர் காலமானார். அவர் விரும்பியபடியே, அவருடைய இதயம் மட்டும் தாயகம் திரும்பியது.