பழைய நுட்பத்தை நம்பிய பொறியாளர்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. அதன்பின் பல நாள்கள் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. நெய்வேலியின் அனல் மின் நிலையங்கள் அமைந்துள்ள மாவட்டமே இருளில் கிடந்தது. மஞ்சக்குப்பம் வீட்டின் இரும்பு பீரோவில் மெழுகுவர்த்தியைத் தேடியபோது, கைக்குட்டையில் சுற்றிவைக்கப்பட்டிருந்த ஒரு பொருள் கையில் தட்டுப்பட்டது. என்னுடைய கேம்பாய்.

1993-இல் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தது அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த காலத்தில், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் மீட்டர்கேஜ் ரயிலில் நாள்தோறும் அதுவே என் துணை. ஆலப்பாக்கத்தில் ஆட்டம் தொடங்கினால் பரங்கிப்பேட்டை வந்ததே தெரியாது. இரண்டாம் ஆண்டில் ஒரு தாளில் தோற்றேன். தலைமையாசிரியரான அப்பா, ஒரு சொல்லும் பேசாமல் அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். உடைத்து எறிந்திருப்பார் என்றே பதினேழு ஆண்டுகள் நம்பியிருந்தேன். எறியவில்லை என்பது மட்டுமல்ல. பேட்டரிகள் கசிந்து கருவியைக் கெடுத்துவிடும் என்று அவற்றைக் கழற்றிவிட்டே வைத்திருந்தார்.

அந்தக் கருவியின் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவர் பெயர் குன்பெய் யோகோய். 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தவர். அங்குள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்று, 1965-இல் உள்ளூர் நிறுவனமான நிண்டெண்டோவில் பணிக்குச் சேர்ந்தார். 1889-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அன்று முதன்மையாகச் சீட்டுக்கட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்தது. ஹனாஃபுடா எனப்படும் பூச்சீட்டுகளை உருவாக்கும் இயந்திரங்களைப் பழுதின்றிப் பார்த்துக்கொள்வதே யோகோயின் வேலை. பொறியியல் படித்தவருக்கு அது பெரிய பணி அன்று. நிறைய ஓய்வு நேரம் இருந்தது.

அந்த ஓய்வில், பொழுது போகாமல் அவர் ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்தார். கடைவாயிலில் இழுத்து மூடும் மடக்குக் கதவைப் போலக் குறுக்குச் சட்டங்கள் விரிந்து நீண்டு, தொலைவில் உள்ள பொருளைப் பற்றும் செயற்கைக் கை அது. தொழிற்சாலையைச் சுற்றி வந்த நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமௌச்சியின் கண்ணில் பட்டது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் தண்டனை கிடைக்கும் என்று யோகோய் அஞ்சியிருக்க வேண்டும். கிடைத்ததோ, அதையே விற்பனைப் பொருளாக்கும்படி ஆணை. 1966-இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வெளிவந்து 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. சீட்டு இயந்திரங்களைப் பராமரித்தவர் பொம்மைகளை வடிவமைப்பவரானார். நல்ல மேலாளர் கிடைப்பதும் ஒரு கொடுப்பினைதான். நம் அலுவலகங்களில் அந்தக் கைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த பத்தாண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். காதலைச் சோதிப்பதாகக் கூறிய ஒரு மின்கருவி, சூரிய மின்கலத்தைக் குறியாகக் கொண்ட ஒளித் துப்பாக்கி, பெரிய அரங்குகளில் வைக்கப்பட்ட சுடும் விளையாட்டு எனப் பல வந்தன. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் அந்தச் சுடும் அரங்குகளுக்கான ஆணைகள் கைநழுவி, நிறுவனம் கடனில் மூழ்கியது.

திருப்பம் ஒரு ரயிலில் நிகழ்ந்தது. ஷின்கான்சென் விரைவு ரயிலில், களைத்த பயணி ஒருவர் தம் கணக்குப்பொறியின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்கிக்கொண்டிருந்ததை யோகோய் கண்டார் என்று சொல்லப்படுகிறது. அந்நாளில் கணக்குப்பொறி நிறுவனங்களுக்கிடையே கடும் விலைப்போர். அதனால் திரவப் படிகத் திரைகள் மிக மலிவாகிவிட்டன. புதுமை தீர்ந்து, விலை வீழ்ந்து, குறைநிறை யாவும் தெரிந்துவிட்ட அந்தப் பொருளைக் கொண்டு உள்ளங்கை அளவில் ஒரு விளையாட்டைச் செய்தார். 1980-இல் கேம் அண்ட் வாட்ச் வரிசையின் முதல் கருவி வந்தது. பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது ஒன்றே அதன் ஆட்டம். கூடவே கடிகாரமும் உண்டு. அந்த வரிசை உலகெங்கும் 4.34 கோடி விற்றது.

1982-இல் அதே வரிசையில் டாங்கி காங் விளையாட்டைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டைப் பையில் மடித்து வைக்கும் கருவியில் நீட்டிக்கொண்டு நிற்கும் கைப்பிடிக்கு இடமேது? கூட்டல் குறி வடிவில், கட்டைவிரல் ஒன்றால் நாற்றிசையும் அழுத்தக்கூடிய தட்டையான பொத்தானை யோகோய் அமைத்தார். இன்று வரை விளையாட்டுக் கருவிகளின் இடப்புறத்தில் அந்தக் கூட்டல் குறி இருக்கிறது. தொண்ணூறுகளில் சிதம்பரம் வீதிக் கடைகளில் மணிக்கணக்கில் காசு கொடுத்து நாங்கள் ஆடிய பெயரற்ற நகல் பெட்டிகளிலும் அதுவே இருந்தது. யார் கண்டுபிடித்தது என்று அறியாமலேயே எங்கள் கட்டைவிரல்கள் அவருக்குப் பழகிப்போயின.

1989 ஏப்ரல் 21-இல் ஜப்பானில் கேம்பாய் வெளிவந்தது. அதை அவர் ஒருவரே உருவாக்கவில்லை. அவர் தலைமையில் இயங்கிய குழுவில் சதோரு ஒகாடா போன்ற பொறியாளர்களின் உழைப்பு பெரிது. ஆயினும் எதைச் சேர்க்கக் கூடாது என்ற முடிவில் யோகோயின் கை தெரிகிறது. வண்ணம் இல்லை, நான்கே சாயல்கள். திரைக்குப் பின்னொளி இல்லை. உள்ளிருந்த செயலி, எழுபதுகளின் வடிவமைப்பிலிருந்து கிளைத்தது. போட்டிக்கு வந்த அடாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் இரண்டும் வண்ணத்திரையுடன் ஒளிர்ந்தன. ஆனால் அவை ஆறு பேட்டரிகளை ஐந்தாறு மணி நேரத்துக்குள் தின்று தீர்த்தன. கேம்பாய் நான்கு பேட்டரிகளில் பதினைந்து மணி நேரம் தாண்டியும் ஓடியது, விலையும் குறைவு. கேம்பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து ஏறத்தாழ 11.87 கோடி விற்றன. வண்ணத்திரைகள் தோற்றன.

இப்போது மீண்டும் ஆடிப் பார்க்கும்போது எல்லாமே பொன்னாகத் தெரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யோகோய் தயாரிப்பாளராக இருந்த சூப்பர் மரியோ லேண்டில் மொத்தம் 12 கட்டங்களே; பழகிய கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மெட்ராய்டு இரண்டாம் பாகத்தில் ஒரே மாதிரியான சுரங்கங்களில், வரைபடமும் இல்லாமல், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அலுத்துப்போகிறது. ஆனால் டெட்ரிஸ் வேறு. 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய அந்தக் கட்டைகளுக்கு வண்ணம் தேவையில்லை, மொழி தேவையில்லை, வயது தேவையில்லை.

புயலுக்குப் பிந்தைய அந்த வாரத்தில் இதை நேரில் கண்டேன். பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார் அப்பா. வலக்கை முற்றிலும் செயலிழந்திருந்தது, பேச்சும் தெளிவில்லை. தொலைக்காட்சி இல்லை, மின்விசிறி இல்லை, கொசுக்கடியில் உறக்கமும் இல்லை. கடைகளில் பேட்டரிகள் தீர்ந்துபோயிருந்தன. வீட்டில் இருந்த நான்கையும் டார்ச் விளக்குக்கும் வானொலிக்கும் வைத்திருந்தோம். கைக்குட்டையிலிருந்து அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை எடுத்ததும் அப்பா இடக்கையால் சைகை காட்டினார். நான்கு பேட்டரிகளையும் அதில் போடும்படி. அம்மாவுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. எனக்கும்தான்.

திரையில் ஒளி கிடையாது. மெழுகுவர்த்தியை அருகில் பிடித்துக்கொண்டேன். இடக்கைக் கட்டைவிரலால் அவர் கட்டைகளை நகர்த்தினார். வலப்புறப் பொத்தானை அழுத்திக் கட்டையைத் திருப்புவது என் பொறுப்பு. எப்போது திருப்ப வேண்டும் என்பதைப் புருவத்தால் சொன்னார். நான் தவறாகத் திருப்பியபோதெல்லாம் பழைய தலைமையாசிரியர் திரும்பி வந்தார். அந்த ஆட்டம் மதிப்பெண்ணை நினைவில் வைக்காது, அணைத்தால் அழிந்துவிடும். ஆகவே மருந்துக் கணக்கு எழுதும் நோட்டில் அன்றன்று அதைக் குறித்து வைக்கச் சொன்னார். மின்சாரம் வந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஆடி மாதம் அவர் காலமாகும் வரை நாங்கள் இருவரும் ஆடினோம்.

யோகோயின் முடிவு துயரமானது. 1995-இல் அவர் கொண்டுவந்த வெர்ச்சுவல் பாய், கண்களைப் பதித்து முப்பரிமாணத்தில் பார்க்கும் கருவி. மலிவான சிவப்பு ஒளிக்கூறுகளையே அதிலும் நம்பினார். இம்முறை கணக்குப் பிழைத்தது. சிவப்பும் கறுப்புமான காட்சி கண்ணை உறுத்தியது. விற்பனை 8 லட்சத்தைக்கூட எட்டவில்லை. 1996 ஆகஸ்டில், 31 ஆண்டுப் பணிக்குப் பின், நிறுவனத்திலிருந்து வெளியேறினார். அந்தத் தோல்வியே காரணம் என்று பலர் எழுதினர். தனித்து இயங்கும் விருப்பம் அவருக்கு முன்பே இருந்தது என்பாரும் உண்டு. கோட்டோ என்ற சிறு ஆய்வகத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காக ஒரே பேட்டரியில் ஓடும் வொண்டர்ஸ்வான் கருவியின் உருவாக்கத்தில் ஈடுபட்டார். 1997 அக்டோபர் 4-ஆம் நாள், ஹொக்குரிக்கு விரைவுச் சாலையில் ஒரு சிறு மோதலுக்குப் பின் காரிலிருந்து இறங்கியவர் மீது மற்றொரு கார் மோதியது. வயது 56. வொண்டர்ஸ்வான் 1999-இல் வெளிவந்தபோது, அதன் புதிர் விளையாட்டு ஒன்று குன்பெய் என்ற அவர் பெயரையே தாங்கியிருந்தது.

சென்ற ஆண்டு என் கேம்பாயின் திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் மறைந்தன. விழும் கட்டைகள் அந்த இடத்தில் பாதியாகத் தெரிந்தன. கடலூரில் இருவர் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் உதிரிபாகம் கிடைக்காது, தூக்கிப் போடுங்கள் என்றனர். சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் வானொலி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கேம்பாயைக் கண்டதே இல்லை. திருகுகளைக் கழற்றினார், திரையின் அடியில் உள்ள மெல்லிய பட்டையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார், பற்றவைக்கும் கோலைச் சூடேற்றி அதன்மீது மெதுவாக ஒருமுறை இழுத்தார். மறைந்த கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் ஆடிப் பார்த்தேன். நோட்டில் அப்பா எழுதச் சொன்ன கடைசி எண்ணை, புதுச்சத்திரம் தாண்டியும் தொட முடியவில்லை.