கை மாறிய கட்டிடம்
ஷைகு அப்துல்லாஹ் குயிலியம் அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.

ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்குடன் நல்லோர் ஒருவரின் வரலாற்றையும் இம்மலரில் வைப்பது நமது வழக்கம். இவ்வாண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஷைகு அப்துல்லாஹ் குயிலியம் அவர்களின் வரலாற்றைத் தருகின்றோம். அவர் வாங்கிய கட்டிடம் ஒன்று பள்ளிவாசலாகி, பின்பு அரசு அலுவலகமாகி, பாழடைந்து, மீண்டும் பள்ளிவாசலான வரலாறும் இதனுள் அடங்கியுள்ளது. வக்ஃப் சொத்துக்களின் பொறுப்பைச் சுமக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

வில்லியம் ஹென்றி குயிலியம் 1856ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் லிவர்பூலில் பிறந்தார். தந்தையார் கடிகாரத் தொழில் செய்தவர். குடும்பத்தின் பூர்வீகம் ஐரியக் கடலிலுள்ள மான் தீவு. கிறிஸ்தவ மெதடிஸ்டு நெறியில் வளர்ந்த அவர், இளம் வயது முதலே மதுவிலக்குப் பிரச்சாரத்தில் ஈடுபட்டிருந்தார். சட்டம் பயின்று 1878இல் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய அவருக்குத் துறைமுக நகரமான லிவர்பூலில் நல்ல வருவாயும் பெயரும் கிட்டின.

ஓய்வின்றி உழைத்ததால் நலிவுற்ற உடலைத் தேற்றிக்கொள்ள அவர் மொராக்கோ நாட்டிற்குச் சென்றார். மதுவை அறவே விலக்கி வாழும் ஒரு சமுதாயத்தை அங்கே கண்கூடாகக் கண்டார். எந்தத் தீமையை ஒழிக்கத் தம் நகரில் மேடைதோறும் முழங்கி வந்தாரோ, அத்தீமைக்கு இடமே தராத ஒரு மார்க்கம் இருப்பதை உணர்ந்தார். இஸ்லாத்தை ஆய்ந்து கற்று, 1887இல் கலிமா மொழிந்து அப்துல்லாஹ் ஆனார்.

ஊர் திரும்பியபின் மவுண்ட் வெர்னன் தெருவில் வாடகைக்கு ஓர் இடம் பிடித்துக் கூட்டங்கள் நடத்தினார். தொடக்க நாட்களில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவ்வாறு வந்தவர்களுள் எலிசபெத் என்னும் இளம்பெண்ணும் ஒருவர். மதுவிலக்கு உரை ஒன்றைக் கேட்கப்போய் இஸ்லாத்தின்பால் ஈர்க்கப்பட்ட அவர், ஃபாத்திமா என்ற பெயருடன் அச்சங்கத்தின் முதல் பொருளாளரானார். வீட்டிலும் தெருவிலும் அவர் பட்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. கல்லெறியும் ஏச்சும் அச்சிறு கூட்டத்தாரின் அன்றாட அனுபவமாயின. நபி ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்று நம்புவோருக்குத் தம் இடத்தைத் தர விரும்பாத உரிமையாளர், அவர்களைக் காலி செய்யச் சொன்னார். வாடகை இடம் என்றேனும் ஒருநாள் கைவிட்டுப் போகும் என்பதை அந்தச் சிறிய ஜமாஅத் அன்றே உணர்ந்துகொண்டது.

அதன்பின் வெஸ்ட் டார்பி ரோட்டில் உள்ள புரூம் டெரஸ் என்னும் தொடர்வீடுகளுள் 8ஆம் எண் வீட்டைப் பெற்றார்கள். குடியிருப்புக்காகக் கட்டப்பட்ட அவ்வீடு, 1889ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் லிவர்பூல் முஸ்லிம் சங்கத்தின் இல்லமாகத் திறக்கப்பட்டது. ஊரார் பண்டிகை கொண்டாடும் அந்நாளில் ஏழைச் சிறுவர்களை அழைத்து உணவளிப்பது அச்சங்கத்தின் வழக்கமாயிற்று. மாற்று மதத்தினர் என்று அவர்கள் பாகுபாடு பார்க்கவில்லை. கல்லெறிந்த தெருவின் பிள்ளைகளும் அப்பந்தியில் அமர்ந்து உண்டார்கள்.

நாளடைவில் பக்கத்து வீடுகளும் சேர்ந்தன. பின்புறம் தொழுகைக் கூடம் அமைந்தது. ஆண் பிள்ளைகளுக்கு விடுதியுடன் கூடிய பள்ளி, பெண் பிள்ளைகளுக்குப் பகல்நேரப் பள்ளி, நூலகம், அருங்காட்சியகம், அச்சகம் ஆகிய யாவும் ஒரே வரிசைக் கட்டிடங்களுக்குள் இயங்கின. 1893 முதல் 1908 வரை ‘கிரசண்ட்’ எனும் வார இதழ் அங்கிருந்து வெளிவந்து பல நாடுகளுக்கும் சென்றது. ஆதரவற்ற குழந்தைகளுக்காக ‘மதீனா இல்லம்’ ஒன்றும் தனியே நடத்தப்பட்டது. கப்பல் வேலைக்கு வந்து அத்துறைமுகத்தில் நோயுற்றும் இறந்தும் போன நம் இந்திய நாட்டு முஸ்லிம் மாலுமிகளுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்தவர்களும் அவர்களே. முன்பின் அறியாத ஏழை மாலுமியின் மையித்தைத் தம் உறவினர் மையித்தாகக் கருதிச் சுமந்த அந்த ஜமாஅத்துக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

குயிலியம் அவர்களின் முயற்சியால் இஸ்லாத்தைத் தழுவியோர் சுமார் 600 பேர் என்பர். 1894இல் துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவரைப் பிரிட்டிஷ் தீவுகளின் ஷைகுல் இஸ்லாமாக நியமித்தார். 1895இல் இங்கிலாந்து வந்த ஆப்கானிய இளவரசர் நஸ்ருல்லாஹ் கான் 2,500 பவுன் நன்கொடை அளித்தார். அன்றைய மதிப்பில் அது பெருந்தொகை.

இத்தனை சிறப்பும் இருந்து ஒன்று மட்டும் செய்யப்படாமல் போயிற்று. ஜமாஅத் கூடிய இடம், குயிலியம் அவர்களின் செல்வத்தையும் செல்வாக்கையும் ஒற்றைத் தூணாகக் கொண்டு நின்றது. அவர் இல்லாமற்போனாலும் யாரும் விற்க இயலாதபடி அச்சொத்து கட்டப்படவில்லை.

1908இல் குயிலியம் அவர்கள் லிவர்பூலை விட்டுத் துருக்கிக்குச் சென்றார். மணவிலக்கு வழக்கொன்றில் அவர் நடந்துகொண்ட முறைக்காக 1909இல் அவருடைய பெயர் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நல்லோர் வரலாற்றை எழுதும்போது குறையை மறைப்பது முறையன்று. ஆதலின் இதனையும் குறிப்பிடுகின்றோம். அவர் சென்ற சிறிது காலத்திலேயே அவருடைய மகன் பள்ளிவாசல் அமைந்திருந்த சொத்தினை விற்றுவிட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுக் காலம் பாங்கோசை கேட்ட அந்த வாயில் அடைபட்டது. பள்ளிக்கூடம் கலைந்தது, இதழ் நின்றது, கல்லடிக்குக் கலையாத ஜமாஅத், கூட இடமின்றிக் கலைந்தது.

கட்டிடம் நகர நிர்வாகத்தின் கைக்குச் சென்று பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகமாயிற்று. தொழுகைக் கூடம் பதிவேடுகளைக் காக்கும் அறையாயிற்று. 2000ஆம் ஆண்டு வரை அங்கே திருமணம் பதிவு செய்ய வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது இறையில்லமாக இருந்த செய்தி தெரிந்திருக்கும்? அலுவலகம் இடம் மாறியபின் கட்டிடம் பூட்டிக் கிடந்து பாழடைந்தது.

குயிலியம் அவர்கள் பின்னர் இங்கிலாந்து திரும்பி, ஹென்றி டி லியோன் என்ற வேறு பெயரில் அமைதியாக வாழ்ந்து, 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் லண்டனில் வஃபாத்தானார். அவர் அடங்கியுள்ள புரூக்வுட் மயானத்திலேயே திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த மர்மடியூக் பிக்தால், அப்துல்லாஹ் யூசுப் அலி ஆகிய இருவரும் அடங்கியுள்ளனர்.

லிவர்பூல் முஸ்லிம்கள் அவரை மறக்கவில்லை. அவர் பெயரால் ஒரு சங்கம் அமைத்து, நன்கொடை திரட்டி, அக்கட்டிடத்தைச் சீர்செய்தனர். 2014இல் அதே இடத்தில் மீண்டும் தொழுகை தொடங்கியது. அடைபட்ட வாயில் திறக்க ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று.

பெருமக்களே! இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. ஒரு மனிதரின் நற்பண்பும் செல்வமும் அவர் காலத்தோடு முடியும். முறையாக எழுதப்பட்ட வக்ஃப் நிலைக்கும். பள்ளிக்கென்று வாய்ச்சொல்லால் விடப்பட்ட மனையும் கடையும் தந்தை காலத்தில் பள்ளிக்கும், மகன் காலத்தில் வழக்குக்கும், பேரன் காலத்தில் பிறருக்கும் போய்விடக் காண்கின்றோம். 2025இல் திருத்தப்பட்ட வக்ஃப் சட்டம் புதிய வக்ஃபுக்கு எழுத்து வடிவிலான பத்திரத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. சட்டம் சொல்லாவிடினும் நம் பொறுப்பு அதுவே. பள்ளிக்கு இடம் கொடுக்க நாடியுள்ளோர் அதனைத் தம் வாழ்நாளிலேயே எழுதிப் பதிந்து தர வேண்டுகின்றோம். பழைய பத்திரங்களும் வாடகை ஒப்பந்தங்களும் வீட்டுப் பெட்டியில் இருப்பின் நிர்வாகத்திடம் ஒப்படைக்கக் கோருகின்றோம். பொறுப்பிலிருப்போரும் அவற்றைத் தம் சொந்தக் காகிதங்களோடு கலவாமல், அடுத்து வருவோரிடம் எண்ணிக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வல்ல அல்லாஹ் ஷைகு அப்துல்லாஹ் குயிலியம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் காக்கும் ஆற்றலை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.