பெயரே பொருளாகிவிட்ட பெருமகன்: ருடால்ஃப் டீசல்

அறிவியல் அறிஞர் பலர் தம் பெயரை அளவைகளில் விட்டுச் சென்றிருக்கின்றனர். மின்னழுத்தத்தை அளக்கும்போது வோல்ட்டாவும், மின்னோட்டத்தை அளக்கும்போது ஆம்பியரும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் ஒருவரின் பெயர் மட்டும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்தி டீசல் கேட்கும் ஓட்டுநர், தாம் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லுகிறோம் என்று எண்ணுவதில்லை. வயலில் தண்ணீர் இறைக்கும் உழவரும் எண்ணுவதில்லை. மின்சாரம் தடைப்பட்டதும் மருத்துவமனைக்குப் பின்னால் உறுமி எழும் ஜெனரேட்டரின் ஒலியைக் கேட்கும் நோயாளியும் எண்ணுவதில்லை. அந்த மனிதரின் வாழ்க்கை, அவருடைய எஞ்சினைப் போலவே பெரும் அழுத்தத்துக்கு உள்ளான வாழ்க்கையாகும்.

பிறப்பும் இளமையும்

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தையார் தோல் பொருள்கள் செய்து விற்று வந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. அதுவரை அண்டை வீட்டாராய் இருந்தவர்கள் அயலாராய்ப் போயினர். குடும்பம் இருந்ததை விட்டு இலண்டனுக்குச் சென்றது. அங்கும் வறுமையே வரவேற்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ருடால்ஃப், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பப்பட்டான். அந்த வீட்டுத் தலைவர் கணித ஆசிரியர். போர் பறித்த வாழ்வைக் கல்வி திருப்பித் தந்தது. பொறியாளன் ஆவது என்று சிறுவன் அங்கேதான் முடிவு செய்தான்.

உதவித்தொகை பெற்று 1875இல் மியூனிக் பல்தொழிற் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் லிண்டே. குளிர்சாதனத் துறையின் முன்னோடியான அவர், நிலக்கரியில் உள்ள வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக்கூடச் சாதாரண நீராவி இயந்திரம் வேலையாக மாற்றுவதில்லை என்று வகுப்பில் விளக்கினார். எஞ்சியதெல்லாம் புகைபோக்கி வழியே வீணாகிறது! வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு அது தேர்வுக்கு உரிய செய்தி. டீசலுக்கோ அது வாழ்நாள் கேள்வியாயிற்று. கார்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1824லேயே வகுத்த கொள்கைக்கு நெருங்கிய ஓர் எஞ்சினைக் கட்ட முடியாதா என்று அவர் எண்ணத் தொடங்கினார்.

நச்சுக் காய்ச்சல் கண்டதால் உரிய காலத்தில் தேர்வு எழுத இயலவில்லை. அடுத்த தேர்வு வரும் வரையில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில், சுல்சர் நிறுவனத்தின் பட்டறையில் கைத்தொழில் பயின்றார். 1880இல் மிக உயர்ந்த மதிப்பெண்களோடு தேறினார். பின்னர் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிலில் பாரிசிலும் பெர்லினிலும் பணியாற்றினார். 1883இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர்.

தீப்பொறி இல்லாத தீ

தென்கிழக்கு ஆசிய மக்களிடம் ஒரு பழைய கருவி உண்டு. ஒருபுறம் மூடிய குழாய்க்குள் இறுக்கமான தண்டு ஒன்றைச் சட்டென்று அழுத்துவார்கள். உள்ளே அகப்பட்ட காற்று நெருக்குண்டு சூடேறி, நுனியில் வைத்த பஞ்சு பற்றிக்கொள்ளும். அத்தகைய கருவியை டீசல் இளமையில் கண்டதாகச் சொல்வர். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாமும் உணர்ந்திருக்கிறோம். அதே இயற்பியல்தான் அவர் எஞ்சினின் உயிர்.

சிலிண்டருக்குள் வெறுங்காற்றை மட்டும் இழுத்து, அதனைப் பிஸ்டனால் பதினைந்து இருபது மடங்கு நெருக்கினால் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்த நொடியில் எண்ணெயைப் பீச்சினால் அது தானே எரியும். தீப்பொறி தரும் பிளக் தேவையில்லை. நெருக்கம் மிகுந்திருப்பதால் வெப்பத்தின் பெரும்பங்கு வேலையாக மாறும். 1892இல் இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். 1893 பிப்ரவரியில் கிடைத்தது. அதே ஆண்டில் இதனை விளக்கி நூலும் எழுதினார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூட்ஸ் பட்டறையில் இடமளித்தார். குருப் நிறுவனம் பொருளுதவி தந்தது.

தோல்வியும் வெற்றியும்

1893 ஆகஸ்டு 10ஆம் நாள் முதற் சோதனை நடந்தது. எரிபொருள் உள்ளே சென்றது, தீப்பற்றியது, அழுத்தம் 80 வளிமண்டல அளவை எட்டி, அளவிடும் கருவியே வெடித்துச் சிதறியது. எஞ்சின் தானாக ஓடவில்லை. ஆயினும் நெருக்கிய காற்றில் எரிபொருள் பற்றும் என்பது மெய்ப்பட்டது. காகிதத்தில் போட்ட கணக்கு அப்படியே இரும்பில் நடவாது என்பதையும் அவர் உணர்ந்து, தம் திட்டத்தைத் திருத்திக்கொண்டார்.

1894 பிப்ரவரி 17ஆம் நாள் எஞ்சினைத் தொழிற்சாலையின் பெல்ட் சுழற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று, பெல்ட் எஞ்சினை இழுப்பதற்கு மாறாக எஞ்சினே பெல்டை இழுப்பதை அருகில் நின்ற தொழிலாளி கண்டார். அவர் வாய் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றினாராம். நிமிடத்துக்கு 88 சுற்று வீதம் ஒரு நிமிடமே அது தானாக ஓடியது. அதற்கு மேலும் மூன்றாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தார். ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கொண்ட அந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. எந்த வெப்ப எஞ்சினும் அதுவரை அந்த அளவை எட்டியதில்லை.

புகழும் பொருளும் ஒருங்கே வந்தன. அமெரிக்க உரிமையை அடால்ஃபஸ் புஷ் என்ற செல்வர் பத்து இலட்சம் மார்க்கு கொடுத்து வாங்கினார். ஆனால் உண்மையான சோதனை இனிமேல்தான் இருந்தது. 1898இல் கெம்ப்டன் நகரத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு முதல் விற்பனை எஞ்சின் சென்றது. ஆய்வுக்கூடத்தில் அறிஞர்கள் சூழ ஓடுவது வேறு. தொழிற்சாலையில் தினந்தோறும் காலையில் தவறாமல் கிளம்புவது வேறு. அங்கே பழுதுக்கு மேல் பழுது வந்தது. வேறு இடங்களிலிருந்தும் முறையீடுகள் குவிந்தன. டீசலின் உடல்நலமும் மனநலமும் குலைந்தன. சிகிச்சைக்காக மருத்துவ இல்லத்தில் தங்கினார். அந்நாள்களில் பட்டறையில் நின்று, வால்வையும் பீச்சுங்குழலையும் ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு, எஞ்சினை நம்பத்தக்கதாக ஆக்கியவர்கள் இமானுவேல் லவுஸ்டர் போன்ற பொறியாளர்களும் பெயர் தெரியாத தொழிலாளர்களுமே. கண்டுபிடித்தவர் ஒருவர், காப்பாற்றியவர் பலர்.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் எஞ்சின் பெரும்பரிசு பெற்றது. அங்கே ஓர் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பது நமக்குச் சுவையான செய்தி! 1904இல் கீவ் நகரத்து டிராம் வண்டிகளுக்கு மின்சாரம் தர 400 குதிரைத்திறன் எஞ்சின்கள் நான்கு நிறுவப்பட்டன. 1912இல் செலாண்டியா என்ற கப்பல் டீசல் எஞ்சின்களால் பெருங்கடல் கடந்தது.

சிறு பட்டறைக்காரரும் கைவினைஞரும் பெரிய ஆலைகளுக்கு ஈடுகொடுத்து வாழத் தம் எஞ்சின் துணை நிற்கும் என்பதே டீசலின் கனவு. தொழிலாளர் கூட்டுறவைப் பற்றி 1903இல் ஒரு நூலும் வெளியிட்டார். அதனை வாங்கிப் படித்தவர் சிலரே. அன்றைய எஞ்சினோ பெரிதும் கனமானது, விலை மிக்கது. அது கைவினைஞரின் குடிலுக்குச் செல்லாமல் கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் சென்றது.

கடலில் கலந்த வாழ்வு

எஞ்சினைக் கணக்கிடத் தெரிந்தவருக்குப் பணத்தைக் கணக்கிடத் தெரியவில்லை. மியூனிக்கில் மாளிகை எழுப்பினார். நிலத்திலும் எண்ணெய் வயல்களிலும் போட்ட பணம் கரைந்தது. காப்புரிமை வழக்குகள் வாட்டின. 1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்ல ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்களோடு உணவருந்தினார். காலையில் எழுப்புமாறு சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறையில் அவர் இல்லை. படுக்கை கலையவே இல்லை. பத்து நாள்களுக்குப் பின் டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டனர். அதிலிருந்த பொருள்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். அப்பொருள்கள் தம் தந்தையுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். தற்கொலை என்பர் பலர். சதி என்பாரும் உளர். குடும்பத்துக்கு எஞ்சியது கடனே. அப்போது அவருக்கு வயது 55.

காத்திருக்கும் எஞ்சின்

மறைந்த பின்னும் அவர் எஞ்சின் வளர்ந்துகொண்டே போனது. 2006இல் எம்மா மேர்ஸ்க் என்ற சரக்குக் கப்பலில் பொருத்தப்பட்ட 14 சிலிண்டர் எஞ்சின் ஒரு இலட்சம் குதிரைத்திறனையும் தாண்டியது. எடை 2,300 டன். அதன் வடிவமைப்பு, டீசல் மாணவராய் அரம் பிடித்த அதே சுல்சர் மரபில் வந்தது.

ஆயினும் ஓடுகின்ற எஞ்சினைவிட, ஓடாமல் காத்திருக்கும் எஞ்சினிடமே நாம் கற்க வேண்டியது மிகுதி. மருத்துவமனையிலும் தொலைபேசி நிலையத்திலும் அணுமின் நிலையத்திலும் ஆண்டின் பெரும்பகுதி ஓய்ந்திருக்கும் ஜெனரேட்டர், அழைத்த பத்து விநாடிகளில் எழுந்தாக வேண்டும். இதற்கு என்ன வழி? நெருக்கிய காற்றின் சூட்டைக் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிவிட்டால் எண்ணெய் பற்றாது. ஆகவே எஞ்சினைச் சுற்றியுள்ள நீரை ஹீட்டரால் எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். பெரிய எஞ்சினைச் சுழற்றி எழுப்ப, டீசலின் காலத்தைப் போலவே இன்றும் நெருக்கிய காற்றைத் தொட்டிகளில் நிரப்பி வைப்பார்கள், சிறியவற்றுக்கு பாட்டரி. எஞ்சின் கிளம்பாமைக்குப் பல நேரங்களில் காரணம் வலுவிழந்த பாட்டரியே. நெடுநாள் தேங்கிய எண்ணெயில் நீர் இறங்கும், நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். அடியில் தங்கிய நீரை அவ்வப்போது வடித்தாக வேண்டும். குறித்த நாளில் ஓட்டிப் பார்ப்பதும் சுமையோடு இருக்க வேண்டும். சுமையின்றி ஓட்டினால் எஞ்சின் உரிய சூட்டை அடையாது; எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் படியும்.

இவ்வளவும் செய்தும் ஒன்றை மறந்தால் போதும், எல்லாம் பாழ். 2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, புகுஷிமா அணுமின் நிலையத்தின் வெளி மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் கடமை தவறாமல் எழுந்தன. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களில் ஆழிப்பேரலை வந்தது. அவற்றுள் பெரும்பாலானவை தாழ்ந்த அடித்தளத்தில் இருந்தன. மின் இணைப்புப் பெட்டிகளும் நீரில் மூழ்கின. மூன்று உலைகள் உருகின. சற்று மேடான இடத்தில், கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் தொடர்ந்து ஓடியது. ஐந்தாம் ஆறாம் உலைகளைக் காத்தது அதுவே.

நண்பர்களே! டீசலின் அறிவு ஒரு பெரும் ஆற்றலைப் படைத்தது. அந்த ஆற்றல் வேண்டிய வேளையில் கைகொடுக்குமா என்பதை முடிவு செய்வது, அவரைப் போன்ற மேதை அல்லர். வாரந்தோறும் பாட்டரியைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய்த் தொட்டியின் நீரை வடித்து, பதிவேட்டில் கையொப்பமிடும் எளிய பணியாளரே. அவர் பெயரை எந்த எரிபொருளும் தாங்கப் போவதில்லை. ஆயினும் அறுவை மேசையில் விளக்கு அணையாமல் இருப்பது அவரால்தான். டீசலின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவரையும் சேர்த்து நினைப்போம்.