டூப்ளே சிலை சொல்லாத செய்திகள்

புதுச்சேரிக்கு வரும் பயணிகளுள் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையோடு நின்றுவிடுகின்றனர். இன்னும் சற்றுத் தெற்கே நடந்து, சாலை முடியும் இடத்தில் உள்ள பூங்காவுக்குச் செல்வோர் அங்கே மற்றொரு சிலையைக் காண்பர். 1742 முதல் 1754 வரை இந்நகரின் ஆளுநராக இருந்த ஜோசப் பிரான்சுவா டூப்ளேவின் சிலை அது. 1870ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு நிறுவிய அச்சிலை, பின்னர் இடம் மாறி இன்று இங்கு நிற்கிறது. உப்பளத்தில் வசிக்கும் எனக்கு அது நடைப்பயிற்சித் தொலைவுதான். அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களிடம் இவர் யார் என்று சில முறை கேட்டிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் என்பதற்கு மேல் விடை கிடைத்ததில்லை.

டூப்ளே 1697இல் வட பிரான்சில் லாந்த்ரெசி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவர். அவருடைய செல்வாக்கினால் மகனுக்கு 1720களின் தொடக்கத்தில் புதுச்சேரி ஆலோசனைச் சபையில் இடம் கிடைத்தது. பின்னர் வங்காளத்தில் சந்திரநாகூரின் பொறுப்பை ஏற்று, நலிந்து கிடந்த அந்த வணிகத் தலத்தைச் செழிக்கச் செய்தார். 1741இல் புதுச்சேரியிலேயே பிறந்த, தமிழ் பேசத் தெரிந்த ழான் என்னும் கைம்பெண்ணை மணந்தார். மறு ஆண்டே ஆளுநர் பதவி வந்தது.

வணிகராக வந்தவர் அரசுகளை ஆக்கவும் கவிழ்க்கவும் தொடங்கியது அதன்பிறகுதான். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு அடையாற்றங்கரையில், பயிற்சி பெற்ற சிறு படை ஒன்று ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்தது. ஐரோப்பிய முறையில் பயின்ற சில நூறு சிப்பாய்கள் இந்திய மன்னர்களின் தலைவிதியை மாற்றிவிட முடியும் என்பதை டூப்ளே கண்டுகொண்டார். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் மாண்டார். பிரெஞ்சு ஆதரவு பெற்ற சந்தா சாகிப் ஆர்க்காட்டு நவாபானார். ஐதராபாத் அரியணைப் பூசலிலும் டூப்ளேவின் கை நீண்டது. இந்த வழியைப் பின்னாளில் ஆங்கிலேயர் கற்றுக்கொண்டு, அதன் வாயிலாகவே இந்தியாவை வென்றனர்.

வெற்றி நிலைக்கவில்லை. 1751இல் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி முற்றுகை தோல்வியில் முடிந்தது. பிரெஞ்சுப் படை திருவரங்கத்தில் சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். போர்ச் செலவைத் தாங்க விரும்பாத கம்பெனி, 1754இல் கோதே என்பவரை அனுப்பி டூப்ளேவைத் திரும்ப அழைத்தது. அந்த அக்டோபரில் அவர் கப்பலேறினார். தம் கைப்பொருளைப் போருக்குச் செலவிட்டதாகக் கூறி, அதைத் திரும்பப் பெறக் கம்பெனியோடு வழக்காடியே எஞ்சிய நாள்களைக் கழித்தார். 1756இல் ழான் இறந்தார். 1763 நவம்பரில் டூப்ளே பாரிஸில் வறுமையில் மறைந்தார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, 1761இல், புதுச்சேரியை ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தனர்.

வீழ்ந்த வீரர் என்று பிரான்ஸ் அவரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் நினைவுகூர்ந்தது. சிலை நாட்டியவர்களின் நோக்கில் அது இயல்பே. ஆனால், இந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அவர் ஆட்சி எப்படி இருந்தது என்ற கேள்விக்கு வெண்கலத்தில் விடை இல்லை. அந்த விடை தமிழில் இருக்கிறது.

டூப்ளேவின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். ஆளுநரின் திறமையை மதித்தவர் அவர். அவருடைய தயவால் உயர்ந்தவரும்கூட. ஆயினும் கண்டதை மறைக்கவில்லை. 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, மாதா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். பாதிரியார்கள் நெடுங்காலமாக வலியுறுத்திவந்த அச்செயலில் ழான் அம்மையாருக்கு இருந்த பங்கையும், தமிழ் மக்கள் திரண்டு முறையிட்டதையும், அந்த முறையீடு பயனற்றுப்போனதையும் அந்தப் பக்கங்களில் படிக்கலாம். இன்று ஈசுவரன் கோயில் தெருவில் நாம் வழிபடுவது பின்னாளில் எழுப்பப்பட்ட கோயில்.

இதைச் சொல்வதால் சிலையை அகற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை. 1954 நவம்பர் முதல் நாள், டூப்ளே கப்பலேறி 200 ஆண்டுகள் நிறைந்த வேளையில், பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விலகியது. அதன் பின்னும் புதுச்சேரி மக்கள் அந்தச் சிலையை உடைக்கவில்லை. தெருக்களின் பிரெஞ்சுப் பெயர்கள் பலவற்றையும் அழிக்கவில்லை. அது அச்சத்தால் அன்று, தன்னம்பிக்கையால் வந்த பெருந்தன்மை என்றே கருதுகிறேன். பழைய எசமானரின் உருவத்தைக் கண்டு அஞ்ச வேண்டிய நிலையில் நாம் இல்லை.

ஆனால், பெருந்தன்மை மறதியாக மாறிவிடலாகாது. சிலையை வைத்துக்கொண்டு வரலாற்றை விட்டுவிட்டால், பயணிகள் படமெடுக்கும் அலங்காரப் பொருளாகவே அது எஞ்சும். ஆளுநரின் சிலை கடலோரம் நிற்க, அவர் காலத்தைப் பதிவுசெய்த தமிழர் பெரும்பாலோருக்குக் கடைவீதியின் பெயராக மட்டுமே தெரிகிறார். ரங்கப்பிள்ளை வீதியில் நாள்தோறும் பொருள் வாங்குவோருள் எத்தனை பேர் அந்த நாட்குறிப்பின் ஒரு பக்கத்தையேனும் படித்திருப்பர்?

புதுச்சேரி அரசு செய்ய வேண்டியது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. சிலையருகே தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு கல்வெட்டு வைக்கலாம். அதில் டூப்ளேவின் திறமை, போர்கள், இடிக்கப்பட்ட கோயில், முறையிட்ட மக்கள், கடைசி நாள்களின் வறுமை ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். அவற்றோடு, இவையெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணமான ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரும் பொறிக்கப்பட வேண்டும். நாட்குறிப்பின் சில பகுதிகளை எளிய பதிப்பாக்கி நம் பள்ளிகளுக்கும் கொண்டுசெல்லலாம். அதைப் படித்துவிட்டு வரும் மாணவர், அந்தச் சிலை யாருடையது என்று கேட்போருக்குத் தாமே விடை சொல்வர்.