குட்டிக்கு அல்ல, தாய்க்கு ஊசி: எலிகளை வைத்து விடை சொன்ன பால் எர்லிக் யார்?

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பன்றிக்குட்டிகளுக்கு வைரஸ் வயிற்றுப்போக்கு வந்தால், சில சமயம் ஒரு ஈற்றுக் குட்டிகள் மொத்தமும் செத்துப்போகும். பி.இ.டி. என்ற இந்த நோய் 2013-ல் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான குட்டிகள் பலியாகின. குட்டிக்கு ஊசி போட்டால் பயனில்லை. அதன் உடல் சொந்தமாக எதிர்ப்புச் சக்தியை உருவாக்குவதற்குள் நோய் முந்திக்கொள்ளும். அதனால் சினையாக இருக்கும் தாய்ப்பன்றிக்குத்தான் தடுப்பூசி. குட்டிக்குப் பாதுகாப்பு பால் வழியாகப் போகிறது.

தாய் தரும் இந்தப் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்று 1892-லேயே சோதித்துக் காட்டியவர் பால் எர்லிக். ஆமாம், பெயரே பால்தான்!

1854 மார்ச் 14 அன்று, அப்போது பிரஷ்யாவில் இருந்த ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார் எர்லிக். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அம்மா வழி உறவினரான கார்ல் வைகெர்ட், உடல் திசுக்களுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மருத்துவர். அந்தச் சாயப் பைத்தியம் எர்லிக்கையும் தொற்றிக்கொண்டது. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வும் சாயம் பற்றித்தான். 1880-களின் கடைசியில் காசநோய் வந்து, உடம்பைத் தேற்ற எகிப்துக்குப் போனார். 1889-ல் பெர்லின் திரும்பியவர், சின்னதாக ஒரு சொந்த ஆய்வகம் போட்டார்.

அங்கே அவர் கையில் எடுத்த இரண்டு விஷங்களும் நமக்குத் தெரிந்த விதைகளில் இருப்பவை. ஒன்று ஆமணக்கு விதையின் ரிசின். இன்னொன்று குன்றிமணியின் அப்ரின். எலிகளுக்குத் தீனியில் துளித்துளியாக விஷத்தைக் கலந்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். சாதாரண எலியைக் கொன்றுவிடும் அளவைப் பல மடங்கு தாண்டிய பிறகும் அவை தாக்குப்பிடித்தன.

அடுத்த கேள்விதான் முக்கியம். இந்தச் சக்தி வாரிசுக்குப் போகுமா? விஷம் பழகிய ஆண் எலியைச் சாதாரணப் பெண் எலியோடு சேர்த்தார். குட்டிகளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. தாய் விஷம் பழகியவள் என்றால் குட்டிகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. அப்படியென்றால் அது கருப்பையில் கிடைத்ததா, பாலில் கிடைத்ததா?

எர்லிக் குட்டிகளை மாற்றி வைத்தார். சாதாரணத் தாய்க்குப் பிறந்த குட்டிகள், விஷம் பழகிய தாயிடம் பால் குடித்தன. அவளுடைய குட்டிகள் சாதாரணத் தாயிடம் போயின. பால் குடித்தே சாதாரணக் குட்டிகளுக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் தாயிடமிருந்து வந்தது நிரந்தரமில்லை, நாளாக ஆகக் கரைந்துவிடும். அப்பாவுக்கு இதில் பங்கே இல்லை என்பதால் இது பரம்பரைச் சொத்தும் இல்லை; தாய் உருவாக்கிய ஆன்டிபாடியைக் குட்டி கொஞ்ச நாளைக்குக் கடன் வாங்குகிறது, அவ்வளவுதான். உடல் தானே உருவாக்கும் எதிர்ப்புச் சக்தி வேறு, வெளியிலிருந்து வாங்குவது வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் எர்லிக்தான்.

பன்றி விஷயத்தில் பாலின் பங்கு இன்னும் பெரிது. பன்றியின் நஞ்சுக்கொடி ஆன்டிபாடியை உள்ளே விடாது. குட்டி கிட்டத்தட்ட வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் ஒரு நாளைக்குள் குடிக்கும் சீம்பாலில் உள்ள ஆன்டிபாடிதான் அதன் ரத்தத்துக்குள் போகும், பிறகு குடலின் கதவு மூடிவிடும். அதன்பின் தினமும் குடிக்கும் பால், குடலின் உள்சுவரில் பூச்சு போல நின்று வைரஸைத் தடுக்க வேண்டும். அதற்கு ஐ.ஜி.ஏ. என்ற வகை ஆன்டிபாடி தேவை. தாயின் குடல் அந்த வைரஸை ஏற்கெனவே சந்தித்திருந்தால்தான் அது பாலில் நிறையச் சுரக்கும். தசையில் போடும் ஊசி மட்டும் சில நேரம் போதாமல் போவது இதனால்தான். இந்த நுணுக்கமெல்லாம் எர்லிக் காலத்துக்கு வெகு பின்னால் தெரியவந்தது.

எலிச் சோதனைக்குப் பிறகு அவர் வாழ்க்கை வேகமெடுத்தது. எமில் பேரிங் கண்டுபிடித்த டிப்தீரியா சீரத்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று துல்லியமாக அளக்க வழி செய்தார். 1908-ல் மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஜப்பானியர் சகாச்சிரோ ஹட்டாவுடன் சேர்ந்து, 606 என்று எண்ணிட்ட சேர்மம் சிபிலிஸை அடக்கும் என்று காட்டினார். 1910-ல் அது சால்வர்சன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இந்த 606 கதைதான் வரும். பாவம், எலிகளை யாரும் கண்டுகொள்வதில்லை. சுருட்டும் கையுமாகவே இருந்த எர்லிக், 1915 ஆகஸ்ட் 20 அன்று பாட் ஹோம்பர்க் நகரில் இறந்தார்.

யூதர் என்பதால், பின்னால் வந்த நாஜிகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயரை மாற்றினார்கள். மனைவி ஹெட்விக் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. போருக்குப் பிறகு தெருவுக்குப் பழைய பெயர் திரும்பியது. ஜெர்மனியின் 200 மார்க் நோட்டிலும் அவர் முகம் வந்தது. இன்று அந்த நாட்டில் தடுப்பூசிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு, லாங்கன் நகரில் இருக்கும் பால் எர்லிக் இன்ஸ்டிட்யூட். மனிதர்களுக்கான தடுப்பூசிகளோடு பன்றி உள்ளிட்ட கால்நடைகளுக்கான தடுப்பூசிகளையும் அதுதான் பரிசோதித்து அனுமதிக்கிறது.