சீசரும் என் சி புரோகிராமும்

முதலாமாண்டு சி லேபில் எல்லாரும் ஒரு தடவையாவது எழுதியிருப்போம். ஒரு வார்த்தையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தையும் மூணு இடம் தள்ளி பிரிண்ட் பண்ணணும். பேரு சீசர் சைஃபர். நானும் எழுதினேன். ஏ கொடுத்தா டி வந்தது. சூப்பர்னு எக்ஸ், ஒய், இசட் கொடுத்தேன். அடைப்புக்குறியும் செங்குத்துக் கோடும் வந்து நின்னுச்சு. இடைவெளி விட்ட இடத்துல எல்லாம் ஹேஷ் குறி! அரை மணி நேரம் மானிட்டரை முறைச்சுட்டு, யாருய்யா இந்த சீசர், இவருக்கு எதுக்கு இந்த வேலைன்னு தேட ஆரம்பிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 100-ல் ரோம் நகரில் பிறந்தவர். பழைய குடும்பம், ஆனால் பெரிய செல்வாக்கு இல்லை. பதினாறு வயதுவாக்கில் அப்பா இறந்துவிட்டார். அப்போது ரோமை ஆண்ட சர்வாதிகாரி சுல்லா, எதிரணித் தலைவரின் மகளான உன் மனைவி கொர்னேலியாவை விவாகரத்து செய் என்று உத்தரவிட்டார். சீசர் மறுத்தார். சொத்து போனது, பதவி போனது, தலைமறைவாக அலைய வேண்டி வந்தது. உறவினர்கள் மன்றாடித்தான் உயிர் தப்பியது.

கி.மு. 75 வாக்கில் கடற்கொள்ளையர்களிடம் மாட்டினார். 20 டேலண்ட் பணம் கேட்டார்களாம். என் மதிப்பு அவ்வளவுதானா என்று சிரித்து, 50 கேட்கச் சொன்னாராம். 38 நாள் அவர்களோடு இருந்துவிட்டு, விடுதலையானதும் கப்பல் திரட்டிப் போய் அத்தனை பேரையும் பிடித்துச் சிலுவையில் ஏற்றினார். கெத்துதான், ஆனா கொஞ்சம் பயமாவும் இருக்குல்ல?

கி.மு. 58 முதல் சுமார் எட்டு வருஷம் இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பகுதிகளில் போர். லட்சக்கணக்கானோர் செத்ததும் அடிமையானதும் அங்கேதான். அதை மறைத்து இவரைப் பாராட்ட முடியாது. கி.மு. 54 குளிர்காலத்தில் அவருடைய படை முகாம் ஒன்றை எதிரிகள் சுற்றி வளைத்தார்கள். உள்ளே தளபதி குவின்டஸ் சிசரோ. உதவி வருகிறது, தாக்குப்பிடியுங்கள் என்று தெரிவிக்க வேண்டும். கடிதம் எதிரி கையில் சிக்கினால் எல்லாம் போச்சு. எனவே சீசர் கிரேக்க எழுத்தில் எழுதி, ஒரு குதிரைவீரனிடம் கொடுத்தார். உள்ளே நுழைய முடியாவிட்டால் ஈட்டியில் கட்டி எறியச் சொன்னார். ஈட்டி ஒரு கோபுரத்தில் குத்தி நின்றது. இரண்டு நாள் யாருமே கவனிக்கவில்லை! மூன்றாம் நாள்தான் ஒரு வீரன் பார்த்தான். முகாம் தப்பியது.

நம்ம லேப் கணக்கு அவருடைய சொந்தக் கடிதங்களிலிருந்து வந்தது. அந்தரங்க விஷயங்களை ஏ-க்கு டி என்று மூன்று எழுத்து தள்ளி எழுதினார் என்று, அவர் இறந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து சூட்டோனியஸ் பதிவு செய்திருக்கிறார். அவரே இன்னொன்றும் சொல்கிறார். சீசரின் வளர்ப்பு மகன் அகஸ்டஸ் ஒரு எழுத்து மட்டும் தள்ளுவாராம். கடைசி எழுத்தாகக் கருதிய எக்ஸ் வந்தால் ஏ-க்குத் திரும்பாமல் இரண்டு ஏ போடுவாராம். படிச்சதும் எனக்கு சிரிப்பு தாங்கல. என் பக் இருந்த அதே இடத்துல ரோமச் சக்கரவர்த்தியும் நின்னு யோசிச்சிருக்காரு!

பக் இதுதான்: சின்ன இசட்டின் ஆஸ்கி மதிப்பு 122. மூணு கூட்டினால் 125, அது அடைப்புக்குறி. எனவே முதலில் ஏ-வின் 97-ஐக் கழித்து, மூணு கூட்டி, 26-ஆல் வகுத்த மீதியை எடுத்து, 97-ஐத் திரும்பக் கூட்டணும். எழுத்தில்லாததைத் தொடவே கூடாது. திரும்பப் படிக்கும்போது மூணைக் கழித்தால் சில எழுத்துக்கு மைனஸ் வரும். சி-யில் மீதியும் மைனஸாகவே வரும். 26-ஐக் கூட்டிவிட்டு மீதி எடுத்தால் சரி.

கி.மு. 49-ல் ரூபிகான் ஆற்றைப் படையோடு தாண்டி, உள்நாட்டுப் போரில் வென்று, ரோமையே கையில் எடுத்தார். அப்போது நாட்காட்டி பருவத்தோடு ஒட்டாமல் குழம்பிக் கிடந்தது. கி.மு. 46-ஐ 445 நாளாக நீட்டிச் சரிக்கட்டி, மறுவருஷம் முதல் 365 நாள், நாலு வருஷத்துக்கு ஒரு லீப் நாள் என்று வைத்தார். அவர் போன பிறகு பூசாரிகள் தொடங்கும் வருஷத்தையும் சேர்த்து எண்ணி, மூணு வருஷத்துக்கு ஒன்று போட்டார்கள். லூப்பில் நாம பண்ற அதே ஒண்ணு கூடின தப்பு! 36 வருஷத்தில் 9-க்குப் பதில் 12 லீப் நாள். அகஸ்டஸ்தான் டீபக் செய்தார்.

கி.மு. 44 பிப்ரவரியில் சீசர் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். குடியரசு போயிற்றே என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் சதி செய்தார்கள். அவர் மன்னித்து அருகில் வைத்திருந்த புரூட்டஸும் அதில் ஒருவர். மார்ச் 15 காலை செனட்டுக்குப் போகும் வழியில் ஒருவர் சதி விவரம் எழுதிய சீட்டைக் கையில் திணித்தார். அதில் சைஃபர் எதுவும் இல்லை. கூட்ட நெரிசலில் படிக்க முடியாமல் கையில் பிடித்தபடியே உள்ளே போனார். 23 குத்து.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-கிண்டி, எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணியே இத்தகைய ரகசிய எழுத்தை உடைக்கலாம் என்று எழுதிவிட்டார். இன்று 25 முறை சுற்றும் ஒரு லூப் போதும். சீசரின் பூட்டு நமக்குப் பொம்மைதான். ஆனா ஈட்டியில தொங்கின கடிதத்தையும், கையில இருந்த சீட்டையும் நினைச்சா மனசு கனக்குது. ஒண்ணு ரெண்டு நாள் தாமதமாகவாவது படிக்கப்பட்டது, ஒரு முகாமே பிழைச்சது. இன்னொண்ணு படிக்கப்படவே இல்ல.

அன்னையிலிருந்து நான் கம்பைலர் கொடுக்குற வார்னிங்கைப் படிக்காம ரன் பண்றதில்ல. நீங்களும் படிங்க மக்களே.