ராமானுஜன்தான் என்க்ரிப்ஷனைக் கண்டுபிடித்தாரா? ஈரோட்டில் தொடங்கும் ஒரு பகா எண் கதை

டிசம்பர் 22 வந்தால் குடும்ப குரூப்பில் ஒரு பார்வர்டு வரும்: நம்ம நெட் பேங்கிங் பாதுகாப்பே ராமானுஜன் கண்டுபிடித்ததுதான் என்று. கேட்க பெருமையாத்தான் இருக்கு, ஆனா அப்படியே உண்மை கிடையாது. நிஜத்தில் இருக்கும் தொடர்பு வேறு மாதிரியானது.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், அம்மா கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா அங்கே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். கணிதம் தவிர வேறு பாடத்தில் மனசு ஒட்டாததால் கல்லூரி உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. பாஸாகவில்லை. 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை. அடுத்த ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914 மார்ச்சில் அவரைக் கப்பல் ஏற்றியது.

போன சில மாதங்களிலேயே முதல் உலகப்போர். சைவச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அந்த நிலைமையில்தான், 1917-ல், இருவரும் ஒரு கேள்விக்கு விடை சொன்னார்கள்: ஒரு எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் ஒளிந்திருக்கும்? 60-ஐ உடைத்தால் 2, 3, 5 என்று மூன்று. எண் பெரிதாகப் பெரிதாக இந்த எண்ணிக்கையும் ஏறும், ஆனால் ஆமை வேகத்தில். 617 இலக்கம் கொண்ட எண்ணிலும் சராசரியாக ஏழெட்டுதான் இருக்கும்.

இதைக் கொஞ்சம் ஓரமா வைப்போம். என்க்ரிப்ஷனில் இரண்டு வகை உண்டு.

சிமெட்ரிக் என்பது மஞ்சள் குடோன் பூட்டு மாதிரி. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. வெளியூர் பார்ட்னருக்கு அந்தச் சாவியை யார் கையிலாவது கொடுத்துத்தான் அனுப்பணும். வழியில் ஒருத்தர் காப்பி எடுத்தால் கதை முடிந்தது. அசிமெட்ரிக் என்பது கோயில் உண்டியல். யார் வேண்டுமானாலும் காசு போடலாம், திறக்கும் சாவி நிர்வாகத்திடம் மட்டும். உண்டியல் வாய்தான் பப்ளிக் கீ, சாவிதான் பிரைவேட் கீ. சாவி எங்கேயும் பயணம் போகாது.

இந்த உண்டியலை எண்களால் செய்ததுதான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். விடையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் சூப்பர் கம்ப்யூட்டரும் திணறும். சரி, ஏதோ ஒரு 617 இலக்க எண்ணை எடுத்துக்கிட்டா போதாதா? போதாது. 1917 கணக்குப்படி அதற்குள் வழக்கமாக ஏழெட்டு பகா எண்கள் இருக்கும், சின்னவை சட்டென்று கழன்று வந்துவிடும். அதனால்தான் 300 இலக்கம் தாண்டிய இரண்டே இரண்டைத் தேடி எடுக்கிறார்கள். ஆனால் இந்த முறையின் அஸ்திவாரம் ஃபெர்மா, ஆய்லர் காலத்துக் கணக்கு. பார்வர்டு சறுக்குவது இங்கேதான்.

உண்டியல் முறையில் வேகம் குறைவு. அதனால் பேங்க் ஆப் முதலில் அசிமெட்ரிக் முறையில் ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்துகொண்டு, மிச்சத்தையெல்லாம் ஏ.இ.எஸ். போன்ற சிமெட்ரிக் முறையில் அனுப்புகிறது.

எண் கோட்பாடு போருக்குப் பயன்படாது என்று 1940-ல் ஹார்டி நிம்மதியாக எழுதினார். 1973-ல் பிரிட்டிஷ் உளவு அமைப்பு ஒன்றில் கிளிஃபோர்ட் காக்ஸ் இதே பகா எண் உத்தியைக் கண்டுபிடித்தார். 1997 வரை வெளியே சொல்லவில்லை!

ராமானுஜன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெலோ ஆனவர், 1919-ல் உடல் நொந்து ஊர் திரும்பினார். கொஞ்ச காலம் ஈரோட்டுக்குப் பக்கத்தில், காவிரிக்கரை கொடுமுடியில் தங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தபோது வயது 32. அந்த ஜனவரியில்தான், மாக் தீட்டா என்ற புது வகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதியிருந்தார்.